தகரம் சொல்லும்வரை

கீழே மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கேட்டது என்று சொல்ல முடியாது. நாற்காலிக் கால் வழியாக என் பாதத்துக்கு வந்தது. இந்தக் கட்டடத்தில் மோட்டார் ஓடினால் மூன்றாவது மாடித் தரைவரை ஒரு சிலிர்ப்பு ஏறிவரும், மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்த்துக்கொள்வதுபோல. அது காதின் வேலை இல்லை. இன்றைக்கு அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு என்னை நானே ஏமாற்றக் கூடாது. மொட்டைமாடிக்கு ஏறக் கூடாது, தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, சமையலறையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து காதால் மட்டும் காத்திருக்க வேண்டும். தொட்டி நிறைந்து, தண்ணீர் வழிந்து, வெளியே தகரத்தில் விழும் சத்தம் எனக்குக் கேட்டால் நான் இங்கேயே இருப்பேன். கேட்காவிட்டால், சாயங்காலம் சுடர்க்கொடி போன் செய்யும்போது சரிம்மா, வந்துடறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். நேற்று ராத்திரியே முடிவு பண்ணியாகிவிட்டது. சுடர்க்கொடி என் மகள். ஓசூரில் இருக்கிறாள், அங்கே லிப்ட் வேலை செய்கிற கட்டடம், சுவரில் ஆணி அடித்தால் ஆணி நிற்கிற வீடு. "அப்பா, சாப்டீங்களான்னு கேட்டா மழை இல்லம்மான்னு சொல்றீங்க. காதைக் காட்டுங்கப்பா, இல்லன்னா இங்க வந்துடுங்க." இங்கே சிக்னல் கிடைக்காதும்மா என்று சொன்னேன். சிக்னல் கிடைக்காதுதான், அது பொய் இல்லை. ஆனால் அதை எவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

தொட்டி இப்போது கால்வாசி ஏறியிருக்குமா? இந்திராணியாக இருந்தால் சொல்லியிருப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், இப்பத்தான் அடி நனைஞ்சிருக்கு என்பாள். என் மனைவிக்கு இந்தக் கட்டடம் முழுக்கக் காதில்தான் இருந்தது. யார் மாடிப்படி ஏறுகிறார்கள், யார் வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் போடவேண்டும், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் கசிகிறது, எல்லாம். எனக்கு எதுவும் கேட்காது, கேட்டாலும் அது என்ன என்று தெரியாது. "உங்களுக்குக் காது எதுக்கு, நான் இருக்கேன்ல. நீங்க பேப்பரைப் படிங்க" என்பாள். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் கேட்பாள், நான் படிப்பேன். வழிகிற தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் குழாய் ஒரு புயலில் பாதியில் முறிந்து விழுந்தது. சங்கம் என்று ஒன்று அப்போது பெயருக்கு இருந்தது. செயலாளர் பார்த்துவிட்டு, எஸ்டிமேட் வாங்கணும் என்றார், பிறகு அவரே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். குழாய் அப்படியே நின்றது, என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வாயைத் திறந்துகொண்டு. யாரும் சரி பண்ண மாட்டாங்களா, சரி, அதுவே பேசட்டும் என்று சொல்லி, இந்திராணி இரண்டாவது மாடி வீட்டின் துணி துவைக்கிற பால்கனிக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்வாக அடிக்கவைத்தாள். தொட்டி நிறைந்தால் தண்ணீர் அந்தத் தகரத்தில் விழும். தடதடவென்று, கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் அண்டாவை உருட்டுகிற மாதிரி. உடனே மாடிப்படி நடுவில் இருக்கிற சந்து வழியாகக் குனிந்து, "நிறைஞ்சாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். தரைத்தளத்தில் எஸ்தர் வீட்டு வாசலில்தான் சுவிட்ச். எஸ்தர் அணைப்பாள். இதுதான் ஏற்பாடு. நடுவில் தானாக அணைகிற கருவி ஒன்று வாங்கி மாட்டினார்கள், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. இந்திராணியின் ஏற்பாடு தாங்கியது. அவள் போன பிறகும் தாங்கியது.

ஒரு விசில். குக்கர். பக்கத்து வீட்டில் இந்த நேரத்துக்குத்தான் குக்கர் வைப்பார்கள். ஆனால் கேட்டதா? இந்த நேரத்துக்கு விசில் வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால் கேட்டதுபோல் இருந்ததா? இதுதான் ஒரு மாதமாக என்னைத் தின்கிற விஷயம். கேட்கிறேனா, இல்லை நினைவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறேனா? தெருவில் ஆட்டோ போகிறது, சரி. ஆட்டோ போகாத தெரு ஏது. மைனா கத்துகிறது, மைனா எப்போதும் கத்தும். யோசித்துப் பார்த்தால் இந்திராணி போன பிறகு நான் கேட்டதில் பாதி பழைய சத்தங்கள்தான். கரண்டி கீழே விழும். திரும்பிப் பார்த்தால் கரண்டி ஆணியிலேயே தொங்கும். எனக்குப் பாதியைக் கொண்டு மீதியை ஊகிப்பது புதிதில்லை. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். பழைய பேப்பர் கடையில் தராசு பிடித்து வளர்ந்தேன், பிறகு அதே மாதிரி ஒரு கடை வைத்தேன், அதில் சம்பாதித்ததுதான் இந்த வீடு. படித்ததெல்லாம் எடைக்கு வந்த புத்தகங்கள். முன்பக்கம் இருக்கும், கடைசி இருக்காது, அல்லது நடுவில் ஒரு கொத்து கிழிந்து எவனோ சுண்டல் மடிக்க எடுத்திருப்பான். காணாமல் போன பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே கட்டிக்கொள்வேன். ராத்திரி இந்திராணியிடம் அந்தக் கதையைச் சொல்வேன், அவள், "இந்த எடம் நீங்களா போட்டது" என்று சரியாகப் பிடித்துவிடுவாள். எப்படி என்று கேட்டால், அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் தணியுமாம். அவள் இருந்திருந்தால் இப்போதும் கேட்டிருக்கலாம். இந்த விசில் நிஜமா, நானா போட்டதா?

மோட்டார் இன்னும் ஓடுகிறது. பாதத்தில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து கால்களைத் தூக்கி மேலே மடக்கிக்கொள்கிறேன், அது சொல்வதையும் வாங்கக் கூடாது என்று. இந்த வயதில் சமையலறை நாற்காலியில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஜன்னலைத் திறந்துவைத்தால் நன்றாகக் கேட்குமே என்று தோன்றும். ஜன்னல் திறக்காது. மேலே உத்தரம் லேசாக இறங்கிக் கம்பிச் சட்டத்தை அழுத்திவிட்டது. கொத்தனார் பார்த்துவிட்டு, அதுமேல கை வைக்காதீங்க, அதுவும் கொஞ்சம் தாங்கிக்கிட்டு நிக்குது என்றார். பூப்போட்ட கண்ணாடி, வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது. தீபாவளி வரைக்கும் மூடிய ஜன்னல் வழியாகவே கேட்டதே. தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கீழே கூச்சல். தொட்டி வழிந்து முற்றம் முழுக்கத் தண்ணீர். எனக்குக் கேட்கவே இல்லை. தூங்கிட்டேன் என்று சொன்னேன். அடுத்த முறை விழித்திருந்தேன், அப்போதும் கேட்கவில்லை. அதிலிருந்து மொட்டைமாடிக்கு ஏற ஆரம்பித்தேன். மோட்டார் போட்டதும் சத்தமில்லாமல் ஏறி, மூடியைத் தூக்கிப் பார்த்து, விளிம்புக்கு வந்ததும் இறங்கிவந்து, நிறைஞ்சாச்சு என்று குரல் கொடுப்பேன். ஒரு சொட்டு வழியவிடவில்லை. அண்ணே, இப்பல்லாம் கம்ப்யூட்டர் மாதிரி சொல்றீங்க என்று எஸ்தர்கூடச் சொன்னாள். நேற்று அந்த மொட்டைமாடிப் படியில் ஒன்று என் காலடியிலேயே விளிம்பு உடைந்து போனது. சுவரைப் பிடித்தேன், சுவரும் கொஞ்சம் கையோடு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். விழுந்திருந்தால் என்பதல்ல பயம். விழுந்து கூப்பிட்டிருந்தால், யாராவது பதில் சொல்லியிருந்தால், அது எனக்குக் கேட்டிருக்குமா? அங்கேயே உட்கார்ந்து நிறைய நேரம் அதையே நினைத்தேன்.

கட்டடம் விழுந்துவிடும் என்றுதான் வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். லிப்டுக்கென்று விட்ட குழியில் லிப்ட் வரவே இல்லை, உடைந்த கட்டில்களும் யாரோ விட்டுப்போன பீரோவும் நிற்கின்றன. படிக்கட்டின் கைப்பிடி போன இடத்தில் கயிறு கட்டியிருக்கிறோம். முதல் மாடியில் சொட்டும் இடத்தில் ஒரு வாளி, அதை யார் பார்க்கிறார்களோ அவர்கள் கொட்டிவிட்டு வைப்பார்கள், யார் என்று பேசிக்கொண்டதில்லை. மீட்டர் பெட்டிக்கு ஒரு பாலித்தீன் சட்டை. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கை கொடுத்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதில் என் கை இந்த ஒரு குரல்தான். நான் வாய் பேசாதவன் என்று பெயர் எடுத்தவன். கடையில் விலை பேசவும் இந்திராணிதான் வருவாள். அவள் போய்ச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் தகரம் தடதடத்தது. யாரோ கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சந்தில் குனிந்து வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி. அவள் சொன்ன அதே சொல், அதே இழுப்பு. வந்தது. எனக்கே பயமாக இருந்தது. கீழேயிருந்து எஸ்தர், "சரிண்ணே" என்றாள். மோட்டார் நின்றது. அன்று முதல் நாளுக்கு ஒரு தடவை நான் சத்தமாகப் பேசுகிறவன் ஆனேன். ஓசூரில் போய் யாரைக் கூப்பிடுவேன்? அங்கே தொட்டி தானாக நிறையும், தானாக நிற்கும். நல்லதுதான். நல்லது இல்லை என்று யார் சொன்னது. இந்நேரம் முக்கால் ஏறியிருக்க வேண்டும். காதே, கொஞ்சம் விழித்துக்கொள். ஒன்றுமில்லை. ஒரு பஞ்சு மாதிரி அமைதி. எங்கேயோ ஏதோ மெத்மெத்தென்று, அது என் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது. இன்னும் நேரம்

"அண்ணே! மேல என்ன, ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா? தண்ணி ஆறா ஓடுது முற்றத்துல!" எஸ்தரின் குரல். அது கேட்டது. மூன்று மாடி ஏறி வந்து, மூடிய கதவைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆனால் தகரம் கேட்கவில்லை. ஆக, தெரிந்துவிட்டது. கால்களைக் கீழே விட்டேன், மரத்துப் போயிருந்தன. மோட்டாரை அவளே அணைத்துவிட்டாள், தரையின் சிலிர்ப்பு அடங்கியது. சட்டையை மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை, கீழே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அப்படியே சொல்லிவிடலாம், எஸ்தர், நான் ஊருக்குப் போகிறேன், இனிமேல் நீயே பார்த்துக்கொள். இதை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு விதமாக மாற்றிக்கொண்டே இறங்கினேன். இரண்டாவது மாடியில் பெனாசிர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள், இடுப்பில் குழந்தை. அவளுக்கு இது தலைப்பிள்ளை. அம்மா வீட்டில் பெற்றுக்கொண்டு, தீபாவளிக்கு அடுத்த வாரம் தம்பி கொண்டுவந்து விட்டான். வீட்டுக்காரன் தோல் பொருள் வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன். "அங்கிள், உடம்பு சரியில்லையா? என்னிக்கும் இப்படி ஆகாதே. நீங்க கூப்பிடலியேன்னு நான் மேல வரலாம்னு பாத்தேன், இவன் விடல." ஒன்றுமில்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கம். ஆனால் படி இறங்கி இறங்கித் தயார் செய்த வாக்கியம் முந்திக்கொண்டது. "எனக்குக் காது போயிடுச்சும்மா." இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. "எஸ்தரம்மா கத்துனது கேட்டுச்சா?" கேட்டது. "நான் இப்பப் பேசறது?" கேட்கிறது. "அப்புறம் என்ன போச்சு?" என்றாள். "தகரம் கேக்கல. தண்ணி விழறது. தீபாவளியிலேருந்து கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இங்க வாங்க" என்றாள். வீட்டைத் தாண்டி, துணி துவைக்கிற பால்கனிக்கு. அந்த வீட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை, குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்ததுகூட வாசலோடுதான். பால்கனியில் தலைக்கு மேலே தகரத்தின் விளிம்பிலிருந்து ஈரச் சாக்குகள் தொங்கின. ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்கும் மேல் ஒரு பழைய பஞ்சு மெத்தை, கயிறு போட்டுக் கட்டி, தண்ணீரில் ஊறி உப்பி, ஓரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். "வந்த புதுசுல தகரம் அடிச்சாலே இவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழுவான் அங்கிள். ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டான். என் தம்பிதான் ஏறி இதெல்லாம் போட்டுட்டுப் போனான். தகரம் வெயிலுக்குப் போட்டதுன்னுல்ல நெனச்சேன். உங்களுக்குத்தான் அதுன்னு யாருமே சொல்லலியே. நீங்களும் டாண்ணு கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" நான் மாடிக்கு ஏறிப் பார்த்துட்டு வந்து கூப்பிட்டேன் என்றேன். "அந்தப் படியிலயா? அல்லாவே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?" சுடர்க்கொடி திட்டுவதுபோலவே இருந்தது. கேட்டிருந்தால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன், தெரியாமல் இருப்பதற்காக அத்தனை படி ஏறினேன். காது போய்விட்டது என்று நானே எழுதிக்கொண்டேன், கிழிந்த பக்கத்துக்கு எப்போதும் எழுதுவதுபோல. இந்த முறை குரல் தணிந்ததைப் பிடித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சாக்கு சாக்குதான். நல்ல கோணிச் சாக்கு, என் கடையில் பேப்பர் கட்டுகிற அதே மாதிரி. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"எடுத்துடறேன் அங்கிள்" என்றாள். வேண்டாம் என்றேன், பிள்ளை எழுந்துகொள்வான். "அவன் இப்ப பெரிய மனுசன் ஆயிட்டான். கார்த்திகைக்கு வெடிச்ச பட்டாசுக்கே தூங்கினான். எடுக்கணும்னு நானும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன், மறந்து போகுது." குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறினாள். கயிற்றின் முடிச்சு ஊறி இறுகிவிட்டிருந்தது, அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தாள். மெத்தை சொத்தென்று முற்றத்தில் போய் விழுந்தது, பின்னாலேயே சாக்குகளும். கீழேயிருந்து எஸ்தர், "யாருடி அது, ஆளையே தள்ளிட்டீங்களோன்னு பாத்தேன்!" என்றாள். "எஸ்தரம்மா, இன்னொரு வாட்டி மோட்டார் போடுங்க. அங்கிளுக்கு டெஸ்ட்டு!" "தொட்டிதான் ரொம்பிப் போச்சே. இந்த வயசுல அவருக்கு என்ன டெஸ்ட்டு?" "காது டெஸ்ட்டு! போடுங்களேன்." எஸ்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கையில் குழந்தையோடு நிற்கிற என்னை. "இருங்க, டிரம்மை இழுத்து வச்சுக்கறேன். உங்க டெஸ்ட்டுக்கு என் தண்ணி வீணாகணுமா" என்று மட்டும் சொன்னாள். குழந்தையை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளும்போது பெனாசிர், "இவனுக்கு உங்க குரல் தெரியும் அங்கிள். நீங்க நிறைஞ்சாச்சுன்னு சொன்னா மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பாப்பான். எங்க வீட்டுக்காரர் போன்ல பேசினாகூட அப்படிப் பாக்க மாட்டான்" என்றாள். கயிறு கட்டிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மறுபடி இதே நாற்காலி. கால்கள் தரையிலேயே இருக்கட்டும், இப்போது எதையும் விலக்க வேண்டியதில்லை. தரை சிலிர்க்கிறது. மேலே குழாயில் தண்ணீர் ஏறுகிறது என்று ஊகிக்கிறேன். ஊகம்தான், தப்பில்லை. ஒருவேளை சாக்கை எடுத்த பிறகும் கேட்காவிட்டால்? போனில் மழை இல்லம்மா என்று சொன்னது நான்தானே, அதற்கு எந்தச் சாக்கையும் காரணம் காட்ட முடியாதே. கொத்தனார் கை வைக்கக் கூடாது என்ற ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கியிருக்கிறது. வெங்காயத்தோல் நிறம். அப்போது தகரம். முதலில் ஒரு சொட்டு, ஒரு கீறல் மாதிரி. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. பிறகு தடதடவென்று, அண்டா உருளுகிறது, கல்யாண வீடு, உடைந்த குழாய் வாய்விட்டுப் பேசுகிறது. முன்பு இருந்த அளவு இல்லை. உண்மையைச் சொன்னால் இடதுபக்கம் நன்றாகக் கேட்கிறது, வலதுபக்கம் தூரத்தில் கேட்கிறது. பொங்கலுக்கு ஓசூர் போய் அந்தக் காதைக் காட்டிவிட்டு வர வேண்டும், சுடர்க்கொடியிடம் அப்படியே சொல்ல வேண்டும், வரேம்மா, காட்டிட்டுத் திரும்பி வரேன், இங்க மோட்டார் இருக்கு. கேட்ட பாதி போதும் எழுந்திருக்க. கதவைத் திறந்து சந்தில் குனிகிறேன். "நிறைஞ்சாச்சு!" கீழே எஸ்தர், "பாஸ்!" என்கிறாள். தரை அடங்குகிறது. தகரத்தில் கடைசிச் சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை, அழவில்லை, அதன் பாஷையில் என்னமோ நீளமாகச் சொல்கிறது. அது எங்கே திரும்பிப் பார்த்துக்கொண்டு சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போன் அடிக்கிறது. ஓசூர்தான். எடுக்கப் போகிறேன். இன்னும் ஒரு தடவை அடிக்கட்டும் என்று வாசலிலேயே நிற்கிறேன்.